ரோடியர் மில் ஸ்டாப்பிங்: மில் போன பிறகு ஒரு ஊர் என்ன ஆகும்?

கடலூர் சாலை வழியாக பாண்டிக்குள் வரும் பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். முதலியார்பேட்டை தாண்டியதும் கண்டக்டர் இன்னமும் "ரோடியர் மில்லெல்லாம் இறங்கு" என்றுதான் குரல் கொடுப்பார். அங்கே இறங்குகிறவர்களில் பாதிப் பேர் பிறப்பதற்கு முன்பே ரோடியர் என்ற பெயர் மில்லின் பெயர்ப் பலகையிலிருந்து போய்விட்டது. அதற்கடுத்து வந்த ஆங்கிலோ பிரெஞ்சு டெக்ஸ்டைல்ஸ், சுருக்கமாக ஏ.எஃப்.டி., என்ற பெயருக்குரிய மில்லும் இப்போது இல்லை. 2020 ஏப்ரல் 30-ம் தேதியோடு அது சட்டப்படி மூடப்பட்டது. மிச்சம் இருப்பது சுற்றுச்சுவர், பூட்டிய கேட், ஒரு பெரிய மைதானம், அப்புறம் அந்த ஸ்டாப்பிங்.

புதுச்சேரி என்றதும் பெரும்பாலானவர்களுக்கு நினைவுக்கு வருவது மஞ்சள் சுவர், காகிதப்பூ, கடற்கரைச் சாலை, வார இறுதியில் வாடகை ஸ்கூட்டர். இன்ஸ்டாகிராமில் இருப்பதும் அந்தப் புதுச்சேரிதான். பெரிய வாய்க்காலுக்கு மேற்கே வேறொரு புதுச்சேரி நூற்றாண்டுக்கும் மேலாகச் சங்கு சத்தத்தில் எழுந்து சங்கு சத்தத்தில் தூங்கியது. அது மில்காரர்களின் ஊர். அந்த ஊருக்கு என்ன ஆச்சு, அது விட்டுப்போன நிலத்துக்கு இனிமேல் என்ன ஆகும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

இப்போ எதுக்கு இந்தப் பேச்சு?

காரணம் நிலம். 2024 ஜூனில் மறைமலையடிகள் சாலை பேருந்து நிலையத்தைப் புதுப்பிக்கும் வேலைக்காக பஸ்களை எங்கே நிறுத்துவது என்ற கேள்வி வந்தது. பதில் சிரமமில்லாமல் கிடைத்தது: ஏ.எஃப்.டி. மைதானம். அடுத்த ஆண்டு புதிய நிலையம் திறக்கும்வரை அதுதான் ஊரின் பேருந்து நிலையம். அதற்கு முன்பும் பின்பும் கட்சி மாநாடு, பொருட்காட்சி, ராட்டினம் என்று எல்லாவற்றுக்கும் அந்த இடம்தான். கடற்கரைப் பக்கம் ஒரு கார் நிறுத்தவே இடம் கிடைக்காத ஊரில், நகரின் மையத்தை ஒட்டி, ரயில் பாதைக்குப் பக்கத்தில், முக்கிய சாலை மேல், அரசின் கையில் இவ்வளவு பெரிய இடம் வேறு ஏது?

ஏ.எஃப்.டி. மட்டும் இல்லை. மறைமலையடிகள் சாலையில் சுதேசி மில் இருக்கிறது. பாண்டியில் எந்தச் சங்கம் ஆர்ப்பாட்டம் அறிவித்தாலும் இடம் "சுதேசி மில் அருகில்" என்றுதான் போஸ்டரில் இருக்கும். மூன்றாவது பாரதி மில். இந்த இரண்டும் ஏ.எஃப்.டி.யைத் தொடர்ந்து அதே ஆண்டில் மூடப்பட்டன. ஊருக்கு சோறு போட்ட மூன்று பெரிய மில்களும் கொரோனா பரபரப்பில், பெரிய செய்தியாகக்கூட ஆகாமல் கதையை முடித்துக்கொண்டன.

நீலத் துணியில் ஆரம்பித்த கதை

பாண்டியில் இயந்திர நூற்பு தொடங்கியது 1820-களின் கடைசியில். பம்பாயிலோ அகமதாபாத்திலோ மில் வருவதற்கு ஒரு தலைமுறைக்கு முன்னால். அன்றைக்குப் பெரிய சரக்கு "கினே" என்ற நீலத் துணி. அவுரிச் சாயம் தோய்த்த இந்தத் துணி கப்பலேறி மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலுக்குப் போகும். அங்கே கருவேல இனத்து மரத்தின் பிசினை வாங்க இதுவே பணம் மாதிரி பயன்பட்டது. அந்தப் பிசின் ஐரோப்பாவின் துணித் தொழிற்சாலைகளுக்குப் போகும். முதலியார்பேட்டையின் தறி, செனகல் நதிக்கரை, பிரான்ஸின் சாயப்பட்டறை எல்லாம் ஒரே சங்கிலி. உலகமயமாதல் என்று நாம் 1991-க்குப் பிறகு கற்றுக்கொண்ட வார்த்தையை பாண்டிக்காரர்கள் அதற்கு 150 ஆண்டுகள் முன்பே நெய்துகொண்டிருந்தார்கள்.

அந்தப் பழைய மில்தான் பிறகு சவானா என்றும், அதற்குப் பிறகு சுதேசி என்றும் பெயர் மாறியது. பாரதி மில்லின் பழைய பெயர் கெப்ளே. அதன் முதலாளி ஆன்ரி கெப்ளே நீண்ட காலம் நகரின் மேயராகவும் இருந்தார். மில்லும் முனிசிபாலிட்டியும் ஒரே கையில். ரோடியர் மில் 1898-ல் ஆங்கிலேய மூலதனத்தோடு வந்தது. பிரெஞ்சு மண்ணில் ஆங்கிலேயர் ஏன் மில் வைக்கணும் என்றால், இங்கே நெய்த துணிக்கு பிரெஞ்சுக் காலனிச் சந்தைகளில் வரிச்சலுகை. இன்றைக்கு கம்பெனிகள் எந்த மாநிலத்தில் சலுகை அதிகம் என்று கணக்குப் போட்டுத் தொழிற்சாலை வைப்பதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

எட்டு மணி நேரம் எங்கேர்ந்து வந்தது?

ஆபீஸில் ஒன்பது மணி நேர ஷிப்டைப் பற்றி அலுத்துக்கொள்ளும் இளைஞர்களுக்கு இந்தப் பகுதி கொஞ்சம் நெருக்கமாக இருக்கலாம்.

1930-களில் பாண்டி மில்களில் விடியலுக்கு முன் உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே வரமுடியும். சிறுவர்களும் பெண்களும் அதே நேரம், அதைவிடக் குறைந்த கூலி. சங்கம் வைக்க உரிமை கிடையாது. பக்கத்திலேயே பிரிட்டிஷ் இந்தியாவில் தொழிற்சங்கச் சட்டம் 1926-லேயே வந்துவிட்டது. கடலூர் எல்லையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்தால் அது செல்லாது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று அரசு அலுவலகச் சுவரில் எழுதி வைத்திருந்த ஊரில்தான் இந்த நிலைமை.

1911-ல் பிறந்த வ.சுப்பையா என்ற இளைஞர் 1934-ல் 'சுதந்திரம்' பத்திரிகையைத் தொடங்கி, மில் தொழிலாளர்களை ஒன்று சேர்த்தார். 1936 கோடையில் பிரான்ஸில் லியோன் ப்ளும் தலைமையில் மக்கள் முன்னணி ஆட்சிக்கு வந்தது. அங்கே தொழிலாளர்கள் ஆலைக்குள்ளேயே உட்கார்ந்து வேலைநிறுத்தம் செய்து வாரத்துக்கு 40 மணி நேரச் சட்டத்தை வாங்கிவிட்டார்கள். பாண்டியில் இருந்தவர்கள் கேட்டது அதைவிடக் குறைவு: எட்டு மணி நேரம், சங்க உரிமை, கூலி உயர்வு. அதே பாணியில் மில்லுக்குள் உட்கார்ந்தார்கள்.

1936 ஜூலை 30 அன்று சவானா மில் தொழிலாளர்கள் மீது பிரெஞ்சு அரசின் ஆயுதப் படை சுட்டது. 12 பேர் இறந்தார்கள். பாரிஸில் தொழிலாளர் ஆதரவு அரசு, அதே அரசின் கொடிக்குக் கீழே பாண்டியில் துப்பாக்கிச் சூடு. இந்த முரண்பாடு பாரிஸையே சங்கடப்படுத்தியது. நேரு வரை விஷயம் போனது. சுப்பையா 1937-ல் பாரிஸுக்கே போய்ப் பேசினார். அந்த ஆண்டு ஏப்ரலில் பிரெஞ்சிந்தியாவுக்கான தொழிலாளர் சட்ட ஆணை வந்தது. எட்டு மணி நேர வேலையும் சங்கம் வைக்கும் உரிமையும் சட்டமானது.

'ஆசியாவிலேயே முதல்' என்று மேடைகளில் சொல்வார்கள். அந்தப் பட்டத்தைப் பற்றி வாதம் செய்வதைவிட, பக்கத்து எல்லையோடு ஒப்பிட்டால் போதும். அன்று சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்த 1934 தொழிற்சாலைச் சட்டப்படி ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 54 மணி நேரம் வரை வேலை வாங்கலாம். அது 48 மணி நேரமாகக் குறைந்தது 1946 திருத்தத்தில்தான். அதாவது கடலூர்க்காரருக்கு வர ஒன்பது ஆண்டு ஆன ஒன்று, முதலியார்பேட்டைக்காரருக்கு 12 உயிரைக் கொடுத்துச் சீக்கிரம் வந்தது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலை மசோதா நிறைவேறி, எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதே, அப்போது இந்தப் பழைய கதை தமிழ்நாட்டில் எத்தனை பேருக்கு ஞாபகம் வந்திருக்கும் என்று தெரியாது. பாண்டியில் வந்திருக்கும்.

மில்லுன்னா சம்பளம் மட்டுமா?

மில் வேலை சுகமான வேலை இல்லை. பஞ்சுத் தூசி நெஞ்சில் உட்காரும், தறிச் சத்தத்தில் காது மந்தமாகும், இரவு ஷிப்ட் உடம்பைக் கெடுக்கும். பழைய மில்காரர்கள் சத்தமாகப் பேசுவார்கள் என்பது பாண்டியில் எல்லோருக்கும் தெரிந்த கிண்டல். ஆனாலும் பெண் பார்க்க வருகிறவர்கள் "மாப்பிள்ளை மில்லுல இருக்காரு" என்றால் நிம்மதியாக உட்கார்ந்தார்கள்.

ஏனென்றால் அந்த ஒரு வார்த்தைக்குள் மாதச் சம்பளம், பி.எஃப்., இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி, தீபாவளி போனஸ், ரிட்டையர் ஆனால் பணிக்கொடை எல்லாம் அடங்கியிருந்தன. பத்தாம் வகுப்பு தாண்டாத ஒருவர், சைக்கிள் மிதித்துப் போகும் தூரத்தில், இதெல்லாம் உள்ள வேலையில் சேரமுடிந்தது. முதலில் பதிலி, அப்புறம் நிரந்தரம். ஷிப்ட் மாறும் நேரத்தில் கடலூர் சாலையில் சைக்கிள் வெள்ளம். சம்பள நாளில் கேட் வாசலில் கடன்காரர்கள், பலகாரக் கடை, துணி மூட்டைக்காரர்கள். டீக்கடையில் பத்திரிகை படித்துக்காட்ட ஒருவர். சங்க அலுவலகத்தில் வழக்கு எழுதக் கற்றுக்கொண்டவர்கள் பிறகு கவுன்சிலர் ஆனார்கள், சட்டமன்றத்துக்கும் போனார்கள். இந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் ஆசிரியர்களாக, நர்ஸ்களாக, இன்ஜினீயர்களாக வெளியேறினார்கள். பாண்டியின் நடுத்தர வர்க்கத்தில் கணிசமான பங்கு அந்த சங்கு சத்தத்தில் வளர்ந்தது.

அப்போ ஏன் மூடினாங்க?

ஒரே வில்லனைத் தேடினால் கிடைக்காது. 1954 நவம்பர் 1-ல் பிரெஞ்சு ஆட்சி கைமாறியதும் பிரெஞ்சுக் காலனிச் சந்தையின் சலுகையும் போனது. பிறகு பாண்டி மில்கள் இந்தியாவின் மற்ற மில்களோடு சமமாக நின்று போட்டி போட வேண்டியிருந்தது. அந்த மற்ற மில்களே விசைத்தறியிடம் தோற்றுக்கொண்டிருந்தன. நூற்பு, நெசவு, சாயம் எல்லாம் ஒரே வளாகத்தில் செய்யும் பழைய பாணி ஆலைக்குச் செலவு அதிகம். ஈரோட்டிலும் பிவண்டியிலும் சிறு கொட்டகையில் தறி ஓட்டுபவருக்கு போனஸும் பி.எஃப்.பும் கொடுக்கும் சுமை இல்லை. 1982 பம்பாய் வேலைநிறுத்தத்துக்குப் பிறகு அந்த நகரத்து மில்களே எழவில்லை.

சுதேசியும் பாரதியும் நலிந்த மில்களை எடுத்து நடத்திய மத்திய அரசின் தேசிய ஜவுளிக் கழகத்துக்குப் போய், பிறகு 2005-ல் புதுச்சேரி அரசிடம் வந்தன. ஏ.எஃப்.டி.யை 1980-களின் நடுவில், தனியார் நிர்வாகம் கைவிட்ட நிலையில், புதுச்சேரி அரசு எடுத்துக்கொண்டு தனிக் கழகம் அமைத்தது. அரசு எடுத்ததில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தப்பின. அது சின்ன விஷயமில்லை. ஆனால் அரசு மில்லுக்குப் புது இயந்திரம் வாங்குவதைவிடப் புது ஆள் சேர்ப்பது அரசியல்வாதிகளுக்கு எளிது. நஷ்டம் ஏற ஏற, ஆண்டுதோறும் பட்ஜெட்டில் ஒரு தொகை ஒதுக்கி நாளைத் தள்ளினார்கள்.

2011 டிசம்பர் 30-ம் தேதி விடியலில் தானே புயல் அடித்தது. ஏ.எஃப்.டி.யின் கூரைகள் பறந்தன, இயந்திரங்கள் நனைந்தன. ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்த மில் அதன் பிறகு சரியாக ஓடவே இல்லை. 2013-ல் 'லே-ஆஃப்' அறிவித்தார்கள்.

அரைச் சம்பளத்தில் ஏழு வருஷம்

இந்த லே-ஆஃப் என்ற வார்த்தையைக் கவனிக்க வேண்டும். ஐ.டி. கம்பெனியில் லே-ஆஃப் என்றால் அன்றைக்கே லேப்டாப்பைக் கொடுத்துவிட்டுக் கிளம்புவது. தொழில் தகராறு சட்டத்தில் அதன் அர்த்தம் வேறு. ஆலையில் தற்காலிகமாக வேலை கொடுக்க முடியவில்லை. தொழிலாளி பட்டியலில் இருப்பார், கையெழுத்துப் போடுவார், அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்ததில் பாதி கிடைக்கும். சில வாரங்கள், சில மாதங்களுக்கான ஏற்பாடு அது. ஏ.எஃப்.டி.யில் மூடுவிழாவரை ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் நீண்டது.

உதாரணத்துக்கு அடிப்படையும் பஞ்சப்படியும் சேர்ந்து மாதம் 12,000 ரூபாய் வாங்கிய ஒருவரை எடுத்துக்கொள்வோம். கையில் வருவது 6,000. அதுவும் அரசு நிதி ஒதுக்கினால்தான். வேறு வேலைக்குப் போனால் மில் பட்டியலிலிருந்து பெயர் போய்விடுமோ என்ற பயம். போகாவிட்டால் வீடு நடக்காது. நாற்பத்தைந்து வயதில் ஓட்டல் வாட்ச்மேனாக இரவு நின்றவர்கள், பகலில் மில் கேட்டில் கையெழுத்துப் போட்டவர்கள் எத்தனையோ பேர். மூடிவிடுகிறேன் என்று 2013-ல் நேர்மையாகச் சொல்லியிருந்தால், நாற்பது வயதுக்காரர் நாற்பது வயதிலேயே வேறு வழி தேடியிருப்பார். மூடவும் மாட்டேன், ஓட்டவும் மாட்டேன் என்று இழுத்ததுதான் பாண்டி மில் கதையிலேயே மோசமான பகுதி. இதில் எந்தக் கட்சியும் தப்பிக்க முடியாது. அந்த ஆண்டுகளில் என்.ஆர். காங்கிரஸ், காங்கிரஸ் இரண்டுமே ஆட்சியில் இருந்தன. 2016-க்குப் பிறகு துணைநிலை ஆளுநர் கிரண் பேடிக்கும் முதல்வர் நாராயணசாமிக்கும் நடந்த அதிகாரச் சண்டையில், எந்தக் கோப்பு எந்த மேஜையில் நிற்கிறது என்பதே தினச் செய்தியாக இருந்தது.

மூடிய பிறகு வருவது பணிக்கொடை. கணக்கு எளிது: கடைசி மாத அடிப்படை மற்றும் பஞ்சப்படியை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். அதே 12,000 ரூபாய்க்காரருக்கு 25 ஆண்டு சர்வீஸ் என்றால் சுமார் 1.73 லட்சம். அதற்குப் பிறகு மாதா மாதம் இ.பி.எஃப். பென்ஷன், அதன் குறைந்தபட்சம் 2014 முதல் 1,000 ரூபாய். பாண்டியில் இது இன்னும் கொஞ்சம் உறுத்தும். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர்களின் குடும்பங்களுக்கு, இங்கே 'சொல்தா' வீடு என்பார்கள், இன்றைக்கும் பிரான்ஸிலிருந்து பென்ஷன் வருகிறது. அந்த அரசின் சட்டத்துக்காகச் சுடப்பட்டவர்களின் வாரிசுகளுக்கு ஆயிரத்துச் சொச்சம்.

இனி இப்படி மூடுவது இன்னும் சுலபம். பழைய சட்டப்படி 100 பேருக்கு மேல் உள்ள ஆலையை மூட அரசு அனுமதி வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுச் சட்டத் தொகுப்பில் அந்த எல்லை 300 பேர்.

வேல்ஸ் பள்ளத்தாக்கில் நடந்தது

மில் போன ஊர் என்ன ஆகும் என்பதற்கு வெளியே பார்க்கலாம். பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் மலை இடுக்குகளில் நிலக்கரிக் கிராமங்கள் வரிசையாக இருக்கின்றன. 1920-ல் தெற்கு வேல்ஸில் மட்டும் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுரங்கத்தில் வேலை பார்த்தார்கள். இன்றைக்கு அந்தப் பழைய ஆழ்சுரங்கங்கள் ஏறக்குறைய எல்லாமே மூடப்பட்டுவிட்டன. நம் முதலியார்பேட்டைக்கு அங்கே ஒரு சகோதர ஊர் உண்டு என்றால் அது மெர்டி. செங்கொடி பற்றால் 'குட்டி மாஸ்கோ' என்று பெயர் வாங்கிய கிராமம். 1984-85-ல் மார்கரெட் தாட்சர் அரசுக்கு எதிராக நடந்த ஓராண்டு வேலைநிறுத்தத்தில் கடைசிவரை உறுதியாக நின்றது. அந்தச் சுரங்கம் 1990 டிசம்பரில் மூடப்பட்டது.

பக்கத்தில் டவர் என்ற சுரங்கத்தை 1994-ல் அரசு நிறுவனம் லாபமில்லை என்று மூடியபோது, 239 தொழிலாளர்கள் தங்களுக்குக் கிடைத்த நஷ்ட ஈட்டிலிருந்து தலைக்கு 8,000 பவுண்டு போட்டு அதை வாங்கிவிட்டார்கள். 1995 ஜனவரியில் மீண்டும் திறந்து, நிலக்கரி தீரும்வரை 2008 வரை லாபத்தில் ஓட்டினார்கள். இன்று அந்த இடத்தில் கம்பியில் தொங்கிச் சறுக்கும் சாகசப் பூங்கா. பிளேனவான் ஊரின் பிக் பிட் சுரங்கம் 1980-ல் உற்பத்தி நிறுத்தி, 1983-ல் அருங்காட்சியகமானது. அங்கே வழிகாட்டிகளாகப் பழைய சுரங்கத் தொழிலாளர்களையே வேலைக்கு வைத்தார்கள். சுற்றி இருக்கும் தொழில் நிலப்பரப்பு 2000-ல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

அதற்காக வேல்ஸ் ஜெயித்துவிட்டது என்று சொல்லமுடியாது. அந்தப் பள்ளத்தாக்குகள் இன்றைக்கும் பிரிட்டனின் ஏழ்மையான பகுதிகளில் சேர்த்தி. இளைஞர்கள் தினம் ரயிலேறி கார்டிஃப் நகரத்துக்கு வேலைக்குப் போகிறார்கள். நம் கோலார் தங்கவயலில் 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடிய பிறகு தமிழ்க் குடும்பங்கள் விடியற்காலை ரயிலில் பெங்களூரு போய் இரவு திரும்புவதும் இதே கதை. பாண்டி இளைஞர்கள் ஓ.எம்.ஆர். மேன்ஷனில் இருந்துகொண்டு வெள்ளி இரவு ஈ.சி.ஆர். பஸ் பிடிப்பதையும் இதோடு சேர்க்கலாம்.

நிலம் யாருக்கு?

மில் நிலத்தில் என்ன நடக்கும் என்பதற்கு இந்தியாவில் முன்மாதிரிகள் நிறைய. பம்பாயில் 1991 விதிப்படி மில் நிலத்தைப் புதிதாகக் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு நகரத்துக்குத் திறந்தவெளி, ஒரு பங்கு பொது வீட்டுவசதி, ஒரு பங்கு முதலாளிக்கு. கேட்க நன்றாகத்தான் இருந்தது. 2001-ல் அந்த விதியில் ஒரு சின்ன மாற்றம்: முழு நிலமும் கணக்கில் வராது, ஏற்கெனவே காலியாகக் கிடக்கும் பகுதி மட்டும்தான். ஒரே வரியில் நகரத்தின் பங்கு சுருங்கிப்போனது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. இன்று பரேல் பக்கம் போனால் மால்களும் கண்ணாடிக் கோபுரங்களும்தான். சென்னை பெரம்பூரில் பின்னி மில் நின்ற இடத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பு. கோவை லட்சுமி மில்ஸில் லூலூ.

ஆனால் அங்கெல்லாம் நிலம் பெரும்பாலும் தனியாருடையது. பாண்டியில் மூன்று மில்களும் அரசின் கையில் இருந்தபடி மூடப்பட்டவை. அதனால் என்ன செய்வது என்று சட்டமன்றம் தீர்மானிக்கலாம், மக்கள் கேட்கலாம். தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிகளும் "மில்லை மீண்டும் திறப்போம்" என்கின்றன. அதை நம்பக் கஷ்டமாக இருக்கிறது. திருப்பூரும் கோவையும் சில மணி நேரத் தூரத்தில் இருக்கும்போது, நகரின் நடுவில், தண்ணீர்ப் பற்றாக்குறையோடு, சாயக்கழிவுக்கு வழியில்லாமல் பழைய பாணி ஆலை திரும்ப ஓடாது. அந்த வாக்குறுதி இரண்டு வேலை செய்கிறது: பழைய தொழிலாளியின் ஓட்டை வாங்குகிறது, நிலத்தைப் பற்றிய உண்மையான பேச்சைத் தள்ளிப்போடுகிறது.

அந்தப் பேச்சு தள்ளிப்போனால் என்ன? நிலம் துண்டு துண்டாகக் கரையும். இன்றைக்கு பஸ் நிறுத்தம், நாளைக்கு கார் பார்க்கிங், அடுத்து ஒரு அலுவலகம், அப்புறம் நீண்டகாலக் குத்தகைக்கு ஒரு ஓட்டல். ஒவ்வொன்றும் அவசரத் தேவையாகத்தான் வரும். சேதராப்பட்டில் தொழில் மண்டலத்துக்கென்று கையகப்படுத்திய நூற்றுக்கணக்கான ஏக்கர் ஆண்டுக்கணக்கில் சும்மா கிடந்ததைப் பார்த்த ஊர் இது. ஒட்டுமொத்தத் திட்டம் வருவதற்கு முன் கைவைக்கக் கூடாது என்று ஒரு அரசாணை போட்டாலே பாதி வேலை முடியும்.

திட்டத்தில் என்ன வரலாம் என்பதில் கருத்து வேறுபாடு இருக்கட்டும். தொழில்பயிற்சி மையம், வாடகை வீடுகள், சிறு ஆயத்த ஆடைக் கூடங்கள், ஊருக்கு ஒரு பெரிய பூங்கா, எல்லாமே பரிசீலிக்கத் தக்கவை. ஆனால் அளவுகோல் ஒன்று வேண்டும்: பத்தாம் வகுப்பு தாண்டாத ஒருவருக்கு, சைக்கிள் தூரத்தில், பி.எஃப்.போடு ஒரு வேலை அங்கே எத்தனை வரும்? சுற்றுலா தரும் வேலைகள் வார இறுதியில் நிரம்பி செவ்வாய்க்கிழமை காலியாகிற வேலைகள். கஃபேயில் வேலை பார்க்கும் பையனுக்கு போனஸ் கேட்க சங்கம் கிடையாது.

எந்தப் பழமை, யாருடைய பழமை?

பாண்டி தன் பழமையைக் காப்பதில் கெட்டிக்கார ஊர். தமிழ்ப் பகுதியின் வைசியாள் வீதியைப் புதுப்பித்ததற்கு 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. பிரெஞ்சுப் பகுதியில் ஒரு சன்னலை மாற்றினால்கூட விவாதம் நடக்கிறது. அந்தச் சன்னலின் வயதும் மில் சுவரின் வயதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கலாம். ஒன்றுக்குப் பின்னால் கவர்னர் தூங்கினார், இன்னொன்றுக்குப் பின்னால் இரவு ஷிப்ட் ஓடியது. பாரம்பரியப் பட்டியல் தயாரிப்பவர்களின் கண் முதல் சுவரில்தான் நிற்கிறது.

மில்லின் ஒரு கொட்டகையையாவது அப்படியே வைத்து, ஒரு தறி, ஒரு சங்கு, 1936-ன் ஆவணங்கள், நீலத் துணி ஒரு கஜம் வைக்கலாம். பிக் பிட் மாதிரி, பழைய மில்காரர்களையே வழிகாட்டிகளாக வைத்தால், சுற்றுலாப் பயணிக்குக் கடற்கரைச் சாலையில் கிடைக்காத ஒரு பாண்டி கிடைக்கும். காலம் அதிகம் இல்லை. 1985-ல் இருபது வயதில் பதிலியாகச் சேர்ந்தவருக்கு இப்போது அறுபது தாண்டிவிட்டது.

ஜூலை 30 வந்தால் இன்னமும் செங்கொடிகளோடு ஊர்வலம் நடக்கிறது. நெல்லித்தோப்பில் சுப்பையா சிலைக்கு மாலை விழுகிறது. ஊர்வலத்தில் தலை நரைத்தவர்கள் அதிகம். ஏ.எஃப்.டி. ரயில்வே கேட் மூடியிருந்தால் கடலூர் சாலையில் இரண்டு பக்கமும் வண்டிகள் நிற்கும். சென்னை பதிவெண் கார்களில் இருப்பவர்கள் கூகுள் மேப்பைப் பெரிதாக்கி, இடது பக்கம் நீண்டுகொண்டே போகும் அந்தச் சுவர் என்னவென்று தேடுவார்கள். அதற்குள் ரயில் போய்விடும்.